ஈரச்சாக்கு போட்டுக் கொண்டு வாங்க

உங்கள் நாய் வளர்ப்போர் கூட்டத்துக்கு நேரில் வந்து கோடையில் நாய் பராமரிப்பு பற்றிப் பேசச் சொன்னீர்கள். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்கவில்லை. இந்த வெயிலில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, பஸ் பிடித்து வந்து, மைக் முன்னால் நிற்க எனக்குத் தெம்பும் இல்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன். உங்களில் யாராவது வாசித்துவிடுங்கள். வாசிக்கிறபோது என் படத்தைத் திரையில் போட்டு அடைமொழியெல்லாம் சேர்க்க வேண்டாம். நான் சொல்லப்போவது கைதட்டுகிற சங்கதி இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வாய்த்ததெல்லாம் மாடும் ஆடும். கன்று ஈன முடியாமல் தவிக்கிற பசு, வயிறு உப்பிய ஆடு, இப்படியே போனது. ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க மாட்டாமல் பெரம்பலூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்தேன். அங்கே பார்த்தால் வருவதெல்லாம் நாய். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிற பிள்ளைகள் ஆசை ஆசையாக ஒரு நாயை வாங்கி, ஆறு மாதம் கொஞ்சிவிட்டு, அம்மா கையில் சங்கிலியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். குளிர் நாட்டு நாய் இங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மூச்சிரைத்துக்கொண்டு கிடக்கும்.

சித்திரை பிறந்துவிட்டால் போதும், வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "மேடம், மொட்டை போட்டுடலாமா?" குலதெய்வம் கோயிலில் பிள்ளைக்கு மொட்டை அடித்த கையோடு நாய்க்கும் அடித்துக் கூட்டி வந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த நாயின் முதுகு முழுக்க வெயில் கொப்புளம். அதற்கு அந்த முடிதான் குடை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். "நமக்கே தலை காயுது, அதுக்குக் காயாதா?" என்று என்னையே மடக்குவார்கள். மேல்முடியைத் தொடாதீர்கள், சிக்குப் பிடித்த உள்முடியை மட்டும் சீவி எடுங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

இந்தத் தொல்லைக்காகவே கிளினிக்கின் பக்கத்து அறையை நாய்களைக் குளிப்பாட்டிச் சீவிவிடும் இடமாக மாற்றினேன். அந்த வேலைக்கு ஒரு அம்மாள் வந்து சேர்ந்தார். வயது நாற்பதுக்கு மேல். முன்னால் பியூட்டி பார்லர் வைத்திருந்தவர். "மனுசிங்களுக்கு இதுங்க தேவலாம் டாக்டர். வேலை முடிஞ்சதும் கண்ணாடியப் பாத்து மூஞ்சத் தூக்காது" என்பார். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் ஒரு நாயின் முடிக்குள் விரலை விட்டாரென்றால், அதற்கு எங்கே என்ன கோளாறு என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவார். பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பார்லரம்மா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

கத்திரி வெயில். மதியம் ஒரு மணி இருக்கும். கரண்ட் போய் அரை மணி ஆகியிருந்தது. மேசை மேல் ஒரு நாய்க்குட்டிக்கு நரம்பு கிடைக்காமல் ஊசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே இன்னும் நான்கு பேர். போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

கீழப்பழுவூர் வளர்மதி. வீட்டுக்காரர் தவறிவிட்டார், ஒரே பையன் சிங்கப்பூரில். அவன் விட்டுப்போன ஜெர்மன் ஷெப்பர்டு நாய்தான் வீட்டில் துணை. பெயர் டைகர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் கூட்டிவருவார். "இவன் ஒருத்தன்தான் டாக்டரம்மா வூட்டுல நான் பேசுனா காது குடுக்குறது" என்று அடிக்கடி சொல்வார்.

"டாக்டரம்மா, திருமழபாடிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டு இப்பதான் வரேன். டைகர் நிக்க மாட்டேங்குறான். எச்சி நூலா வடியுது. காலு பின்னுது. கூப்புட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறான்."

காலையில் நிழலில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். மதியத்துக்குள் நிழல் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்குப் புரிந்தது. வெயில் தாக்கிவிட்டது.

"வண்டியப் புடிச்சு உடனே கெளம்பும்மா. ஈரச்சாக்கு போட்டு மூடிக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பத்து வினாடி ஆகியிருக்காது.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். சந்தைக்கு லாரியில் மாடு ஏற்றிப் போகிறவர்களுக்கு வருஷக்கணக்காகச் சொன்ன வாக்கியம் அது. திறந்த லாரி, முதுகில் ஈரச்சாக்கு, காற்று அடித்துக்கொண்டே வரும், மாடு குளிர்ந்து போகும். அங்கே அது சரி. நாக்கில் ஊறிக் கிடந்த அதே வாக்கியத்தை எடுத்து ஒரு நாய்க்குக் கொடுத்துவிட்டேன். என்ன வண்டி என்று கேட்கவில்லை. கண்ணாடி திறந்திருக்குமா என்று கேட்கவில்லை. நாயைச் சீவி எத்தனை நாளாயிற்று என்று கேட்கவில்லை. முதலில் அங்கேயே தண்ணீரை ஊற்றி, விசிறி, கொஞ்சம் சூட்டை இறக்கிவிட்டு வண்டி ஏற்று என்று சொல்லவில்லை. அரியலூரில் பக்கத்திலேயே டாக்டர் இருக்கிறார், அங்கே போ என்றுகூடத் தோன்றவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

கீழப்பழுவூரிலிருந்து அரியலூர் வந்து, அங்கிருந்து பெரம்பலூர். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஒன்றரை மணி நேரம். மாட்டிக்கொண்டார்கள்.

வேன் வந்து நின்றது. அனல்காற்று உள்ளே வருகிறது என்று டிரைவர் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டிருந்தார். பின்சீட்டில் டைகர் கிடந்தான். மேலே இரண்டு சணல் சாக்கு, தலை மட்டும் வெளியே. வளர்மதியின் புடவை முழுக்க ஈரம். மடியில் காலி பாட்டில்கள். "காய விடல டாக்டரம்மா. வழி பூரா சாக்கு மேல ஊத்திக்கிட்டேதான் வந்தேன்" என்றார்.

"நல்லவேளை சாக்கு போட்டீங்க" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். என் யோசனையை நானே பாராட்டிக்கொண்டேன்.

சாக்கோடு தூக்கி மேசையில் போட்டோம். பார்லரம்மா பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து சாக்குக்குக் கீழே கையை விட்டார். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டார்.

"டாக்டர், மொதல்ல சாக்க எடுங்க. உள்ளார இட்லிப் பானை மாதிரி இருக்கு."

"ஈரமாத்தானேம்மா இருக்கு!" என்று எரிந்து விழுந்தேன்.

"ஈரமாத்தான் இருக்கு. அதான் சொல்றேன்" என்று அவரே இரண்டு சாக்கையும் உருவித் தரையில் எறிந்தார். குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. நான் முடிக்குள் விரலை விட்டேன். மேல்முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதற்கடியில் உள்முடி கம்பளி போலத் திரண்டு கிடந்தது. அதற்கும் அடியில் தோல், ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தண்ணீரில் ஒரு துளிகூட உடம்பைத் தொடவில்லை. தெர்மாமீட்டர் நூற்றெட்டைத் தாண்டி நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டைகரைக் காப்பாற்றியது பார்லரம்மா. வயிற்றிலும் தொடை இடுக்கிலும் திரண்டிருந்த முடியைக் கத்தரியால் வெட்டித் தள்ளினார். மற்ற இடங்களில் சீப்பால் வகிடு பிரித்து, வகிட்டுக்குள் குழாய்த் தண்ணீரை விட்டார். "ஐஸ் வச்சுடலாமா?" என்று டிரைவர் கேட்டதற்கு, "வேணாம், நீங்க விசிறுங்க" என்று காலண்டர் அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். வளர்மதி முந்தானையால் விசிறினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி திரும்பி டிரிப் ஏற்றினேன். சூடு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு நாள் மலத்தில் ரத்தம் போனது. மூன்றாம் நாள் காலையில் வளர்மதியின் குரல் கேட்டு வாலை ஒரு தடவை தரையில் தட்டினான்.

வளர்மதி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "தெய்வம் டாக்டரம்மா நீங்க. ஈரச்சாக்கு போடுன்னு சொன்னீங்களே, அதனாலதான் உசுரோட கொண்டாந்து சேத்தேன்."

நான் பார்லரம்மாவைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

வளர்மதி வெளியே போனதும் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "டாக்டர், சொல்லிடுங்க. அந்தச் சாக்கு இன்னும் பத்து நிமிசம் இருந்துருந்தா டைகரக் கொன்னுருக்கும்னு சொல்லிடுங்க."

"பொழைச்சிருச்சுல்ல, விடும்மா. இப்பப் போய்ச் சொன்னா பயந்துடும்."

"பயப்படட்டுமே."

நான் சொல்லவில்லை. அந்தப் பெண் பாவம், ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். அது பொய். இத்தனை வருஷம் டாக்டரம்மா டாக்டரம்மா என்று கேட்டுப் பழகிய காது, தெய்வம் என்று ஒருத்தி அழுகிறாள், அந்த நேரத்தில் நான் சொன்னது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். தப்பான யோசனை சொன்னதற்காவது கரண்ட் இல்லை, கூட்டம், வெயில் என்று சாக்குப்போக்கு உண்டு. இதற்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் நிதானமாக, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு செய்த வேலை இது.

அடுத்த வருஷம் அதே கத்திரி. ஒரு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பக்கமும் வெயிலுக்குப் படுதாவை இறக்கிக் கட்டியிருந்தார்கள். ஒருவர் கையில் ஈரச்சாக்கு மூட்டையை ஏந்திக்கொண்டு இறங்கினார். அது சொட்டிக்கொண்டே வந்தது. கூடவே அவர் மகள், பத்து வயது இருக்கும், கையில் ஒரு தண்ணீர் பாட்டில். கீழப்பழுவூரில் மளிகைக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் பேசப் பேச நான் மூட்டையைப் பிரித்தேன். வெள்ளைப் பொமரேனியன். உள்ளேயிருந்து அதே ஆவி. கண் நிலைகுத்திப்போயிருந்தது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"சாக்கு காயவே விடல மேடம்" என்றார் அவர். "பாப்பா வழி பூரா ஊத்திக்கிட்டே வந்துச்சு. வளர்மதியக்காதான் சொன்னாங்க. நீங்க சொன்ன வைத்தியமாமே."

நான் தலையை மட்டும் ஆட்டினேன், நாய் போய்விட்டது என்று. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சின்னப் பெண் அழவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டது: "அரியலூர் தாண்டி தண்ணி தீந்துபோச்சு. கொஞ்ச நேரம் ஊத்தாம விட்டுட்டேன். அதனாலயா ஆன்ட்டி?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் நான் நின்ற மாதிரி எங்கும் நின்றதில்லை.

"இல்லம்மா" என்றேன். "நீ சொன்னபடி சரியாச் செஞ்ச. சொன்னதுதான் தப்பு. நான் சொன்னது அது. நாயச் சாக்கு போட்டு மூடக் கூடாது. சூடு உள்ளேயே நின்னுரும்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "வளர்மதியக்கா நாயி பொழைச்சுதே?"

"சாக்கு போட்டும் பொழைச்சுது. சாக்கால பொழைக்கல."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நாயைச் சாக்கிலிருந்து எடுத்துத் தன் துண்டில் சுற்றிக்கொண்டு, "வா பாப்பா" என்று இறங்கிப் போனார். சாக்கு இல்லாமல் வந்திருந்தாலும் அது செத்திருக்கலாம். பிழைத்திருக்கவும் கூடும். இன்றுவரை எனக்குத் தெரியாது, இனியும் தெரியப்போவதில்லை.

பார்லரம்மா ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. தரையில் கிடந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, "நான் பாத்துக்குறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார். எங்கே என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் அரியலூர் போய், வேறு பஸ் மாறி கீழப்பழுவூரில் இறங்கினேன். டைகர்தான் முதலில் ஓடிவந்தான். நன்றாகச் சீவி, பளபளவென்று இருந்தான். வளர்மதிக்குத் தலைகால் புரியவில்லை. "எம் வூட்டுக்கா டாக்டரம்மா! ஒரு போன் பண்ணியிருந்தா ரோட்டுக்கே வந்துருப்பேனே" என்று மோர் கலக்க ஓடினார். குடித்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று பயந்து, டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். போனில் நான் யோசிக்காமல் சொன்னதை, பார்லரம்மா சாக்கை உருவி எறிந்ததை, சொல்லச் சொல்லியும் நான் சொல்லாமல் இருந்ததை, முந்தின நாள் வந்த மூட்டையை.

வளர்மதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மளியக்கட பாப்பாவோட நாயா? நேத்து அது அப்புடி அழுதுச்சே..." விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். "பால் ஊத்துற எடத்துல சொன்னேன். மேலத்தெருவுல ரெண்டு வூட்டுல சொன்னேன். எம் புள்ள போன்ல கேட்டான்னு அவங்கிட்டயும் சொன்னேன். அவன் அங்க சிங்கப்பூருல அவங்க குரூப்புல எல்லாருக்கும் அனுப்பிச்சுட்டானே. அய்யோ டாக்டரம்மா... அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் வாயத் தொறந்துருக்க மாட்டேனே."

திட்டியிருக்கலாம். எனக்கு அதுவே நிம்மதியாக இருந்திருக்கும். என் தப்பை ஒரு வருஷமாக வளர்மதி நல்ல வார்த்தை என்று நினைத்து ஊருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். இப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முதலில் பையனுக்குப் போன் போட்டு, அனுப்பியவர்களுக்கெல்லாம் தப்பென்று சொல்லச் சொன்னார். பிறகு செருப்பைப் போட்டார். "சொன்ன வூட்டுக்கெல்லாம் போயிச் சொல்ல வேணாமா? வாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள போயிரலாம்."

போனோம். முதல் வீட்டு வாசலில் நான் வாயைத் திறக்கும் முன் வளர்மதி முந்திக்கொண்டார். "நாய்க்கு ஈரச்சாக்கு போடச் சொன்னேன்ல, அது தப்புடி. டாக்டரம்மா வேற என்னமோதான் சொல்லியிருக்காங்க, நான்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டு வந்து உளறிட்டேன்."

என் மானத்தைக் காப்பாற்ற அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். பேசாமல் நின்றிருந்தால் போதும், அதோடு முடிந்திருக்கும். ஒரு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் மறுபடி நிற்கிறேன் என்று தெரிந்தது.

"இல்லம்மா" என்றேன். "வளர்மதி சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் அப்படிச் சொன்னேன். தப்பு என்னோடது."

அடுத்த வீட்டிலும் அவர் அப்படியே ஆரம்பித்தார், நானும் அப்படியே மறுத்தேன். மூன்றாவது வீட்டில் என்னைப் பேசவிட்டுவிட்டார்.

மேலத்தெருவில் கடைசி வீடு. அந்த வீட்டுப் பெரியவரை எனக்கு ரொம்ப வருஷமாகத் தெரியும். அவர் மாட்டுக் கொட்டகைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எந்த மருந்தை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது, சினைமாட்டுக்கு என்ன தீனி என்று நான் சொன்னதையெல்லாம் மறுபேச்சு இல்லாமல் கேட்டவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப எம் மாட்டுக்கெல்லாம் சொன்னீங்களே," என்றார், "அதுல எது எது சரிங்க?"

குத்திக்காட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "உக்காருங்க. ஒண்ணொண்ணாக் கேக்குறேன்" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அவர் முதல் மாட்டிலிருந்து ஆரம்பித்தார்.